பெற்றோருக்கு உரிமை, ஆசிரியருக்குப் பழி

1975 நவம்பர் 29 அன்று அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு ஒரு சட்டத்தில் அரைமனதோடு கையெழுத்திட்டார். எந்தக் குறைபாடு இருந்தாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இலவசமாக, அதற்குப் பொருத்தமான கல்வி தரப்பட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் சாரம். நடுவண் அரசால் கொடுக்க முடிந்ததைவிட அதிகமாக இது வாக்களிக்கிறது என்று கையெழுத்தோடு வெளியிட்ட அறிக்கையில் அவரே சொன்னார். தான் ஒப்புதல் தரும் சட்டத்தைப் பற்றி ஓர் அதிபர் இப்படிப் பேசுவது அபூர்வம். கீழவையில் 404க்கு 7, மேலவையில் 87க்கு 7 என்று நிறைவேறி வந்த சட்டம் அது. மறுத்திருந்தாலும் பயன் இருந்திருக்காது.

ஃபோர்டின் கணிப்பு தவறவில்லை. இந்தக் குழந்தைகளைப் படிக்கவைக்க ஆகும் கூடுதல் செலவில், ஒரு மாணவருக்கான தேசிய சராசரிச் செலவின் 40 விழுக்காடு வரை வாஷிங்டன் தரும் என்று சட்டம் சொன்னது. சாதாரண ஆண்டுகளில் அந்தப் பங்கு 20 விழுக்காட்டைக்கூட எட்டியதில்லை. மீதியை மாநிலங்களும் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்களும் ஏற்கின்றன. அமெரிக்காவில் உள்ளூர்ப் பள்ளி மாவட்டங்கள் தாமாகத் திரட்டும் வரவில் பெரும்பகுதி அந்த ஊர்க்காரர்கள் கட்டும் சொத்து வரி. ஆகவே ஒரு குழந்தைக்கு வாரம் இரண்டு மணி நேரம் பேச்சுப் பயிற்சி வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்வி ஊரின் வரவுசெலவுக் கணக்கில் போய் முட்டும். கேட்பவர் தாயோ தந்தையோ. கேட்கப்படுபவர் பெரும்பாலும் வகுப்பாசிரியர். கணக்குப் புத்தகம் இருவர் கையிலும் இல்லை.

சட்டத்துக்கு முன்பிருந்த நிலை கொடுமையானது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நாட்டில் குறைபாடுள்ள குழந்தைகள் 80 லட்சத்துக்கு மேல், அவர்களில் பாதிக்கும் அதிகமானோருக்கு உரிய கல்வி கிடைக்கவில்லை, 10 லட்சம் பேர் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள் என்று சட்டத்தின் தொடக்கப் பகுதியே பதிவுசெய்தது. இந்தச் சட்டம் பெற்றோர் தொடுத்த வழக்குகளிலிருந்து பிறந்தது. பென்சில்வேனியாவில் அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான ஒரு சங்கமும், தலைநகர் வாஷிங்டனில் ஏழு குழந்தைகளின் சார்பில் குடும்பத்தாரும் பிறரும் நீதிமன்றம் போனார்கள். இரண்டிலும் 1972இல் முடிவு வந்தது. பணமில்லை என்றது வாஷிங்டன் கல்வி நிர்வாகம். பணம் போதாவிட்டால் அந்தப் பற்றாக்குறை எல்லாக் குழந்தைகள் மீதும் பரவட்டும், இந்தக் குழந்தைகள் தலையில் மட்டும் கூடுதலாக விழக் கூடாது என்றது நீதிமன்றம்.

அந்த வழக்குகளைப் பார்த்துச் சட்டம் எழுதியவர்கள், சட்டத்தைக் காவல்காக்கும் வேலையையும் பெற்றோரிடமே ஒப்படைத்தார்கள். பள்ளிகளைச் சுற்றிவந்து தணிக்கை செய்யும் பெரிய அதிகாரிப் படையை அமைக்கவில்லை. குழந்தைக்கு வேண்டியது கிடைக்கவில்லையா, பெற்றோர் புகார் தரட்டும், விசாரணை அலுவலர் முன் வாதாடட்டும், பிறகு நீதிமன்றம் போகட்டும். செலவில்லாத ஏற்பாடுதான், அரசுக்கு. இதன் விளைவாக, பள்ளி வாசலில் குழந்தையை விட்டுவிட்டு ஆசிரியரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற ஒருவர், அதே பள்ளியின் மீது வழக்குத் தொடுக்கக்கூடியவராகவும் ஆனார். அந்தச் சிரிப்பில் இருபக்கமும் கொஞ்சம் எச்சரிக்கை கலந்தது.

முதல் பெரிய வழக்கே இதைக் காட்டிவிட்டது. நியூயார்க் மாநிலத்தில் பீக்ஸ்கில் ஊரை ஒட்டிய ஃபர்னஸ் வுட்ஸ் பள்ளியில் படித்த ஏமி ரௌலி காது கேளாத சிறுமி. அவளுடைய தாயும் தந்தையும் காது கேளாதவர்கள். பள்ளி அலட்சியமாக இருந்தது என்று சொல்லவே முடியாது. அவள் சேருமுன்பே நிர்வாகிகள் சிலர் சைகைமொழி வகுப்புக்குப் போனார்கள். பெற்றோருடன் பேசுவதற்காகத் தலைமையாசிரியர் அறையில் தட்டச்சுத் தொலைபேசிக் கருவி ஒன்று வைத்தார்கள். முதல் வகுப்பில் ஆசிரியரின் குரலை அலைவரிசை வழியாகக் காதுக்குக் கொண்டுவரும் கருவி, தினம் ஒரு மணி நேரம் தனி ஆசிரியர், வாரம் மூன்று மணி நேரம் பேச்சுப் பயிற்சி என்று திட்டம் போட்டார்கள். பெற்றோர் இன்னொன்று கேட்டார்கள்: வகுப்பு முழுக்கச் சைகைமொழி பெயர்ப்பாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். பாலர் வகுப்பில் இரண்டு வாரம் ஒருவரை அமர்த்திப் பார்த்தோம், இப்போதைக்குத் தேவையில்லை என்று அவரே எழுதிக்கொடுத்தார் என்றது பள்ளி. ஏமி சுட்டிப் பெண். உதட்டசைவைப் படித்தே வகுப்பின் சராசரிக்கு மேலே மதிப்பெண் வாங்கினாள்.

இங்கேதான் சச்சரவின் மையம் இருக்கிறது. ஆசிரியரின் கண்ணுக்குத் தெரிந்தது முன்வரிசையில் உட்கார்ந்து மலர்ந்த முகத்தோடு தேர்ச்சி பெறும் ஒரு குழந்தை. முப்பது பிள்ளைகளை ஒருசேரப் பார்க்கும் எவருக்கும் அவள் கவலைப்படவேண்டிய பிள்ளையாகத் தோன்றமாட்டாள். பெற்றோர் பார்த்ததோ, கிடைத்ததில் பாதியை ஊகித்து மீதியை உழைத்து ஈடுகட்டும் குழந்தையை. இரண்டு பார்வையும் உண்மை. மாவட்ட நீதிமன்றமும் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பெற்றோர் பக்கம் நின்றன. 1982 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைக் கவிழ்த்தது. குழந்தைக்குக் கல்வியில் ஏதோ பயன் கிடைத்தால் போதும், அதன் முழுத் திறனுக்கும் ஏற்றதைத் தரும் கடமை பள்ளிக்கு இல்லை என்று எழுதினார் நீதிபதி ரென்குவிஸ்ட். வகுப்பில் பேசப்படுவதில் பாதிகூட அவளுக்குப் புரியவில்லை, இது எப்படிச் சம வாய்ப்பாகும் என்று மாறுபட்டுக் கேட்டார் நீதிபதி ஒயிட். குடும்பத்துக்காக வாதாடிய மைக்கேல் சாட்டாஃபும் காது கேளாதவர். அந்த நீதிமன்றத்தில் வாதாடிய முதல் காது கேளாத வழக்கறிஞர் அவர். நீதிபதிகள் கேட்டதெல்லாம் அவர் முன்னிருந்த திரையில் உடனுக்குடன் எழுத்தாக ஓடியது. சிறுமிக்கு வகுப்பறையில் ஒரு பெயர்ப்பாளர் தேவையில்லை என்று முடிவெடுத்த நீதிமன்றம், வாதத்தைக் கேட்க வழக்கறிஞருக்கு அந்த வசதியை அனுமதிக்கத்தான் செய்தது. தீர்ப்புக்குப் பின் குடும்பம் நியூஜெர்சிக்கு இடம்பெயர்ந்தது. ஏமி பின்னாளில் கலிஃபோர்னியாவில் அமெரிக்கச் சைகைமொழிப் பேராசிரியர் ஆனார்.

பெற்றோரும் ஆசிரியரும் இயல்பிலேயே எதிரெதிர்த் தரப்பினர் என்று 1932இலேயே எழுதியவர் சமூகவியலாளர் வில்லார்டு வாலர். ஒருவருக்குத் தன் பிள்ளை, மற்றவருக்கு ஒரு வகுப்பு. எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும் இந்த வேறுபாடு கரையாது என்பது அவர் வாதம். ஹார்வர்டு பேராசிரியர் சாரா லாரன்ஸ் லைட்ஃபூட் 1978இல் வெளியிட்ட நூலிலும், பெற்றோர் ஆசிரியர் சந்திப்பைப் பற்றி 2003இல் எழுதிய நூலிலும் இதை மேலும் விரித்தார். அந்தச் சந்திப்புக்குப் பெற்றோர் தனியாக வருவதில்லை, தம் பள்ளி நாள்களின் காயங்களையும் கூட்டிக்கொண்டு வருகிறார்கள் என்றார் அவர். நுட்பமான பார்வைதான். ஆனால் வாலரும் லைட்ஃபூட்டும் பேசியது இரண்டு தரப்பைப் பற்றி. 1975க்குப் பிறகான மேசையில் மூன்றாவது தரப்பு ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

அந்த மேசை கற்பனை அல்ல. தனிநபர் கல்வித் திட்டம், சுருக்கமாக ஐ.இ.பி. என்று எல்லோரும் சொல்வதை வகுக்கும் கூட்டத்தில் யார் யார் இருக்க வேண்டும் என்று சட்டம் பட்டியலிடுகிறது. பெற்றோர், வகுப்பாசிரியர் ஒருவராவது, சிறப்பாசிரியர் ஒருவராவது, சோதனை முடிவுகளை விளக்கத் தெரிந்தவர், பள்ளி மாவட்டத்தின் பிரதிநிதி. இந்தக் கடைசி ஆளுக்கு மாவட்டத்தின் வளங்கள் என்னென்ன என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒதுக்கும் அதிகாரம் நடைமுறையில் இவர் வழியாகவே வருகிறது. மேசையில் அதிகம் பேசாதவரும் இவர்தான். குழந்தை எங்கே தடுமாறுகிறது என்று ஆசிரியர் விவரிப்பார், பெற்றோர் கேட்பார்கள், முடியாது என்பதை ஆசிரியர் வாயாலேயே சொல்லவைக்கும் வகையில் கூட்டம் நகரும். வீட்டுக்குப் போகும்போது பெற்றோர் மனதில் நிற்கும் முகம் ஆசிரியருடையது.

ஆசிரியர்களில் பலருக்கு இது தெரியும். கூட்டம் முடிந்தபின் வாகன நிறுத்தத்தில் பெற்றோரிடம் தணிந்த குரலில், வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று சொல்லும் ஆசிரியரைப் பற்றி சிறப்புக் கல்வி வட்டத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். எழுத்தில் கேட்டால் பள்ளி எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சோதனைக்குப் பெற்றோர் ஒப்புதல் தந்த நாளிலிருந்து 60 நாளில், அல்லது மாநிலம் வகுத்த கெடுவுக்குள், அதை முடித்தாக வேண்டும். அந்த ஆசிரியர் ஏன் கூட்டத்திலேயே அதைச் சொல்லவில்லை என்று கேட்பவர்கள் போர்ட்லாந்து வழக்கைப் படிக்கலாம். ஆரிகன் மாநிலத்தின் அந்த நகரில் குறைபாடுள்ள மாணவர்களுக்கு உடற்கல்வி கற்றுத்தந்த ஆசிரியை ஒருவர், அவர்கள் மோசமாக நடத்தப்படுகிறார்கள், கருவிகள் இல்லை, இடம் இல்லை என்று மேலதிகாரிக்குப் பத்துப் பக்கக் கடிதம் எழுதினார். அதற்கு முன் நல்லவிதமாக இருந்த அவருடைய பணி மதிப்பீடு சரிந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. ஜூரி அவருக்குச் சுமார் 10 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. கீழ் நீதிமன்றம் அதை ரத்துசெய்ய, 2004இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மீட்டுத்தந்தது. வென்றார்தான். அத்தனை ஆண்டு நீதிமன்ற அலைச்சலுக்குத் துணிகிற ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

மூன்றாம் தரப்பு எவ்வளவு தூரத்தில் இருக்க முடியும் என்பதற்கு டெக்சாஸ் சாட்சி. 2004இல் அந்த மாநிலத்தின் கல்வி முகமை பள்ளி மாவட்டங்களை மதிப்பிட ஒரு புதிய அளவுகோலைச் சேர்த்தது. மொத்த மாணவர்களில் 8.5 விழுக்காட்டுக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் அந்த மாவட்டத்துக்கு மதிப்பெண் குறையும், கண்காணிப்பு வரும். தேசிய சராசரி அப்போது 13 விழுக்காட்டை ஒட்டி இருந்தது. 8.5 என்பது எங்கிருந்து வந்தது? அதுதான் சரியான அளவு என்று நிறுவும் ஆய்வு எதுவும் இல்லை என்று முகமையே பின்னர் ஒப்புக்கொண்டது. ஆனால் எண் வேலை செய்தது. 12 விழுக்காட்டை ஒட்டியிருந்த மாநில விகிதம் ஆண்டுக்காண்டு இறங்கி 8.5இல் வந்து நின்றது.

இறக்கியது எப்படி? எந்தப் பள்ளியும் பெற்றோரிடம் ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். முதலில் வகுப்பிலேயே கூடுதல் பயிற்சி கொடுத்துப் பார்ப்போம் என்றார்கள். அது ஓர் ஆண்டு ஓடும், இரண்டாண்டு ஓடும். வாசிப்புக் குறைபாட்டுக்குத் தனி வகுப்பு இருக்கிறதே, முழுச் சோதனை எதற்கு என்றார்கள். இவற்றில் ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமான பேச்சு. நல்ல ஆசிரியர் நல்ல நோக்கத்தோடும் இதைத்தான் சொல்லியிருப்பார். கேட்ட தாய்க்கோ, தன் பிள்ளையை இந்த ஆசிரியருக்குப் பிடிக்கவில்லை என்றோ, தான் மிகைப்படுத்துகிறோமோ என்றோ தோன்றியிருக்கும். பன்னிரண்டு ஆண்டுகள் அந்த மாநிலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஆசிரியரோடு மனக்கசப்பில் வாழ்ந்தன. காரணம் ஆஸ்டின் நகரத்து அலுவலகம் ஒன்றின் அட்டவணையில் இருந்த ஓர் எண். 2016 செப்டம்பரில் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் இதை அம்பலப்படுத்தியது. 2017இல் சட்டமன்றம் அந்த உச்சவரம்பைத் தடைசெய்தது. டெக்சாஸ் மாநிலம் நடுவண் சட்டத்தை மீறியிருக்கிறது என்று நடுவண் கல்வித் துறை 2018 ஜனவரியில் அறிவித்தது. விகிதம் மளமளவென்று ஏறி 13ஐத் தாண்டியது. டெக்சாஸ் ஆசிரியர்கள் திடீரென்று மனம் திருந்திவிட்டார்கள் என்றா இதற்குப் பொருள்?

ஆசிரியர்கள் பக்கம் ஒரு நியாயமான மனத்தாங்கலும் உண்டு, அதைத் தாண்டிப்போக முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் உணர்ச்சிக் கோளாறு உள்ள ஒரு மாணவன் இன்னொருவனின் கழுத்தை நெரித்தான், பள்ளியின் சன்னல் கண்ணாடியை உடைத்தான். பள்ளி அவனை வெளியேற்றப் பார்த்தது. குறைபாட்டிலிருந்து எழும் நடத்தைக்காகப் பள்ளி தன்னிச்சையாக ஒரு மாணவனை நீக்க முடியாது, பத்து நாள் இடைநீக்கம் செய்யலாம், அதற்குமேல் நீதிமன்ற அனுமதி வேண்டும் என்று 1988இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பையனின் உரிமை பாதுகாக்கப்பட்டது சரி. மறுநாள் காலை அவனையும் மற்றவர்களையும் ஒரே அறையில் வைத்துப் பாடம் நடத்த வேண்டியவர் ஆசிரியர். உதவியாளர் வருவார் என்று காகிதத்தில் இருக்கும், ஆள் வரமாட்டார். எல்லாக் குழந்தைகளையும் எல்லா நேரமும் பொது வகுப்பில் வைப்பது என்ற கொள்கையை 1990களில் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் வெளிப்படையாக எதிர்த்தது இதனால்தான். அவரைக் குழந்தைகளின் எதிரி என்று ஏசியவர்கள் உண்டு. ஷாங்கர் கேட்டதில் பாதி எனக்கு ஏற்புடையதல்ல, ஆனால் சேவையைக் கொடுக்காமல் பிள்ளையை மட்டும் வகுப்பில் கொண்டுவந்து உட்காரவைப்பது சிக்கனத்துக்குச் சூட்டிய அழகான பெயர் என்ற அவருடைய சந்தேகத்தை டெக்சாஸுக்குப் பின் யாரும் எளிதில் ஒதுக்க முடியாது.

பெற்றோர் எல்லோரும் ஒரே பலத்தோடு இந்த மேசைக்கு வருவதில்லை. 1989இல் அனெட் லாரோ வெளியிட்ட ஆய்வு, தொழிலாளர் குடும்பங்கள் படிப்பை ஆசிரியர் பொறுப்பில் விட்டு மரியாதையோடு விலகி நிற்பதையும், வசதியான குடும்பங்கள் ஆசிரியரின் வேலையை மேற்பார்வை பார்ப்பதையும் அருகருகே வைத்துக் காட்டியது. சட்டம் இந்த இடைவெளியை அகலப்படுத்தியது. பள்ளி தரும் திட்டம் சரியில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குறை சொல்பவருடையது என்று 2005இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, குறை சொல்பவர் பெரும்பாலும் பெற்றோர். வென்றாலும் நிபுணர் கட்டணம் திரும்பக் கிடைக்காது என்றது 2006 தீர்ப்பு. பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுப் பிறகு கட்டணத்தைப் பள்ளி மாவட்டத்திடம் கேட்கலாம் என்ற வழியை 1985, 1993 தீர்ப்புகள் திறந்துவைத்திருந்தன. முதலில் கட்டப் பணம் இருப்பவருக்குத்தான் அந்த வழி. மதியிறுக்கம் கொண்ட கொலராடோ சிறுவன் என்ட்ரூவின் வழக்கு அப்படித்தான் வந்தது. நான்காம் வகுப்போடு அவனை வெளியே எடுத்துத் தனிப்பள்ளியில் சேர்த்த பெற்றோர், 2017இல் ஒருமனதான தீர்ப்பைப் பெற்றார்கள். பெயரளவு முன்னேற்றம் போதாது, குழந்தையின் நிலைக்கேற்ற உயர்ந்த இலக்கு வேண்டும் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார். ஏமி ரௌலி வழக்குக்கு 35 ஆண்டுகள் கழித்து.

நியூஜெர்சியிலும் டெக்சாஸிலும் கலிஃபோர்னியாவிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இந்த மேசையை நன்றாக அறியும். வாத்தியார் சொன்னால் சரி என்று வளர்ந்தவர்கள், எழுதிக் கொடுத்ததில் கையெழுத்துப் போட்டுவிட்டு நன்றி சொல்லி எழுந்து வருவார்கள். சிறப்புக் கல்வி என்ற முத்திரைக்கு அஞ்சி, கொடுக்கப்பட்டதையே வேண்டாம் என்பவர்களும் உண்டு. கூட்டத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் பள்ளி ஏற்பாடு செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பட்டம் வாங்கியும் மொழிபெயர்ப்பாளரா என்ற கூச்சம் பலரைக் கேட்கவிடுவதில்லை.

இந்தியாவும் இதே பாதையில்தான் நடக்கிறது, சட்டத்தின் வேகத்தில். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதையும், பெற்றோரைத் தவறாமல் சந்திப்பதையும் ஆசிரியரின் கடமையாக்கியது. செய்யத் தவறினால் ஒழுங்கு நடவடிக்கை என்று அதே பிரிவு சொல்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்தது. தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அடுத்த நிலையில் 15 பேருக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் விகிதம் வகுக்க 2021 அக்டோபர் வரை ஆனது. ஒழுங்கு நடவடிக்கை முதலில் வந்தது, கூட நிற்கவேண்டிய ஆள் பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தாளில் வந்தார்.

2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னொரு சிறுமியின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மினசோட்டாவில் படித்த அவளுக்கு வலிப்பு நோய், நண்பகல் வரை பாடத்தில் உட்கார முடியாது. முன்பு கெண்டக்கியில் இருந்தபோது பள்ளி மாலையில் பாடம் நடத்தியது. புதிய ஊர் மறுத்தது. மற்ற பிள்ளைகளுக்கு ஆறரை மணி நேரப் பள்ளி, அவளுக்கு நாலேகால். மாலை ஆறு மணிக்கு வந்து சொல்லித்தர மறுத்த ஆசிரியர் என்று எவரும் அந்த வழக்கில் இல்லை, மறுத்தது மாவட்டம். பாகுபாட்டுக்கு இழப்பீடு கேட்க, பள்ளி கெட்ட எண்ணத்தோடு நடந்தது என்று பெற்றோர் நிரூபிக்க வேண்டியதில்லை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதற்கு மூன்று மாதம் முன்புதான், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத பெற்றோர் செலவின்றிப் புகார் தரக்கூடிய இடமான கல்வித் துறையின் குடிமை உரிமைப் பிரிவில் 12 வட்டார அலுவலகங்களில் ஏழு மூடப்பட்டன. நீதிமன்றக் கதவு கொஞ்சம் அகலத் திறந்த அதே ஆண்டில் இலவசக் கதவு பாதி சாத்தப்பட்டது. அலுவலகம் மூடிய ஊர்களிலும் ஐ.இ.பி. கூட்டங்கள் நடக்கின்றன. பெற்றோருக்கு எதிரே வகுப்பாசிரியர் உட்கார்ந்திருக்கிறார்.